பீடத்துப் படியைச் சுரண்டியவன்

அத்தியாயம் 6

"செத்தவரோட ரத்தம் அப்படியே கிடக்குது. அதுக்கு ஒரு முழம் தள்ளி, இந்தப் படியை மட்டும் யாரோ சுரண்டி எடுத்திருக்கான். உனக்கு எதுவும் உறுத்தலையா மெர்ட்டா?"

"முழங்கால்தான் உறுத்துது ஐயா. இந்தக் கல்லு ஐஸா இருக்கு."

ஹாராஸ் திரும்பி முறைத்தார். பல்வலிக்காகத் தாடையைச் சுற்றித் துணி கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். அந்தக் கோலத்தில் அவர் முறைத்தால் பயத்துக்குப் பதில் சிரிப்புதான் வரும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பும் வரவில்லை. பீடத்தடியில் கறுத்துப்போய் உறைந்து கிடந்தது புர்க்கார்ட் போதகரின் ரத்தம். மறுநாள் காலையில் அதற்குப் பதிலாக இன்னொருவரின் தலை சந்தைத் திடலில் விழவிருந்தது.

கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் சாப்பிடப் போன பிறகு, பீடத்தின் முன்னால் தனியாக நின்ற பெரிய போதகர் புர்க்கார்டை யாரோ பித்தளை விளக்குத்தண்டால் மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். பீடத்து விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. மரப்படி சுரண்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் லுத்தர் சபையைச் சேர்ந்த ஸ்டைன்ரோடா ஊரே ஒரே குரலில் சொல்லிவிட்டது, இது கால்வின்காரன் வேலை என்று. பீடம், சிலுவை, படம் எதைக் கண்டாலும் நாசம் பண்ணுகிற கூட்டம் அவர்கள்தானே! ஊரில் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரே ஒரு கால்வின்காரர் இருந்தார். துணைப் போதகர் யோவாக்கிம். அந்த மதியம் அவர் கோயில் பக்கம் போனதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். இழுத்துப்போய்க் கைகளைப் பின்னால் கட்டி, கயிற்றில் தூக்கினார்கள். இரண்டாவது தடவை தூக்கியதில் தோள்மூட்டு இரண்டும் கழன்றது. "நான்தான்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். நானாக இருந்தால் முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டு, கூடவே சித்தப்பா பெயரையும் சொல்லியிருப்பேன்.

வாளை எடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று தலைநகர் டிரெஸ்டனிலிருந்து விசாரணை அதிகாரி ஹாராஸை அனுப்பினார்கள். அவருடைய பையைத் தூக்கவும் தேவையில்லாத இடத்தில் வாயைத் திறக்கவும் நான். போன வருஷம் வரை இருந்த மன்னருக்குக் கால்வின்காரர்கள்மேல் ஒரு சாய்வு. அவர் செத்தார், காற்று மாறியது. ஜெயிலில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள், வெளியே இருந்தவர்கள் உள்ளே போனார்கள். என் தாத்தா போப்புக்காரர், அப்பா லுத்தர்காரர். நான் யார் வீட்டில் ராத்திரிச் சாப்பாடோ அவர் கட்சி.

"மெர்ட்டா, மேல பாரு" என்றார் ஹாராஸ்.

பார்த்தேன். சிலுவையில் தொங்கும் இயேசு, கன்னத்தில் புதுச் சாயம் மின்ன, பத்திரமாக இருந்தார். பக்கத்தில் மரியாள் படம். ஒரு கீறல் இல்லை.

"படத்தை வெறுக்கிறவன் படத்தை விட்டுட்டுப் படியைச் சுரண்டுவானா?"

"உயரம் எட்டலையோ என்னவோ."

"யோவாக்கிம் உன்னைவிட ஒரு ஜாண் உயரம். சரி, இதைச் சொல்லு. சுரண்டின சீவல் எங்கே?"

நான் குனிந்து தேடினேன். படியில் விரல் ஆழத்துக்குச் சுரண்டியிருந்தது. ஆனால் சுற்றிலும் ஒரு சிராய் இல்லை, ஒரு தூள் இல்லை. விரிப்பில் வெட்டிய துண்டும் இல்லை.

"கோபத்துல கிழிக்கிறவன் குப்பையைப் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போவானாடா? இவன் துரும்புகூட விடாம அள்ளிக்கிட்டுப் போயிருக்கான். யோவாக்கிம் கொலையை ஒத்துக்கிட்டார். துணித்துண்டு எங்கேன்னு கேட்டா முழிக்கிறார். தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டாரா, அந்தக் கயித்துல தொங்கிக்கிட்டு?"

கோயிலைக் கூட்டி மணி அடிக்கிற கோயில்பிள்ளையைக் கூப்பிட்டார். பிணத்தை முதலில் பார்த்தவர் அவர்தான்.

"ஞாயித்துக்கிழமை இராப்போஜனம் உண்டா?"

"உண்டு ஐயா. எல்லாருக்கும் அப்பமும் திராட்சரசமும் குடுத்தார்."

"முடிஞ்சதும் போதகர் ஏன் தனியா பீடத்துக்கிட்ட நின்னார்?"

"பாத்திரத்துல மிச்சம் இருக்கிற ரசத்தை அவர்தான் குடிச்சு முடிக்கணும். அதைக் கீழே கொட்டலாமா? ஆசீர்வாத வார்த்தை சொன்னப்புறம் ஆண்டவரோட ரத்தமாச்சே."

"பாத்திரம் எங்கே இருந்தது, நீ வந்தப்ப?"

"பீடத்து மேல, நிமிர்ந்து இருந்தது. சுத்தமா துடைச்சு..." அவர் பாதியில் நிறுத்தினார். போதகர் தரையில் கிடக்கும்போது பாத்திரத்தை யார் துடைத்து வைத்தது என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

ஹாராஸ் மெதுவாகக் கேட்டார். "இதுக்கு முன்னாடி இந்தக் கோயில்ல திராட்சரசம் சிந்தியிருக்கா?"

"ஒரு தடவை. கூட்ட நெரிசல்ல ஒரு அம்மா மேலங்கியில சிந்திடுச்சு. பெரிய போதகர் பதறிட்டார். மண்டி போட்டு நக்கினார் ஐயா, கண்ணுல தண்ணி வழிய வழிய! அப்புறம் மேலங்கியில அந்த இடத்தை வெட்டச் சொல்லி, பெஞ்சைச் சீவச் சொல்லி, எல்லாத்தையும் நெருப்புல போட்டார். சாம்பலைக்கூட யாரும் மிதிக்கக்கூடாதுன்னு கல்லறைத் தோட்டத்துல புதைச்சார். ஊரே நின்னு பார்த்துச்சு."

"துணைப் போதகர்?"

"அவர்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, 'ஒரு கந்தைத் துணியால துடைச்சிருந்தா போதுமே, கிறிஸ்து பரலோகத்துல இருக்கார், பெஞ்சுலயா இருக்கார்'னு கேட்டுட்டார். அன்னைக்கே ஊர் அவரைத் தலைமுழுகிடுச்சு."

ஹாராஸ் எழுந்தார். துணிக்கட்டுக்கு நடுவே கண்கள் பளிச்சிட்டன. அந்தப் பார்வையை நான் அறிவேன்.

"பாத்தியா? அடி விழுந்தது. பாத்திரம் உருண்டது. விரிப்புலயும் படியிலயும் ரசம். கொன்னவன் கால்வின்காரனா இருந்தா அவனுக்கு அது வெறும் திராட்சரசம், தாண்டிப் போயிருப்பான். இவனால தாண்ட முடியல. மனுஷ ரத்தத்தை விட்டுட்டான், இதை விட முடியல. நாம தேடுறது நல்ல, சுத்தமான லுத்தர்காரனை."

"ஐயா, இந்த ஊர்ல துணைப் போதகரைத் தவிர எல்லாருமே நல்ல, சுத்தமான லுத்தர்காரங்க. பிடிக்கிறதுன்னா ஊரையே பிடிக்கணும்."

"சாம்பலைப் பிடிப்போம் வா."

வெளியே கதவருகில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் மூடி போட்ட சூப்புப் பானை, இன்னொரு கை இடுப்பில். யோவாக்கிமின் மனைவி மார்த்தா. எட்டு மாத வயிறு.

"அவர் அன்னைக்குக் கோயிலுக்கு எதுக்குப் போனார்னு யாரும் கேக்கலை" என்றாள். அழவில்லை. அழுது முடித்த முகம். "கால்வின் கொள்கை பொய்னு ஒரு தாள் வந்திருக்கே, கோயில்ல வேலை செய்யிற எல்லாரும் கையெழுத்து போடணும்னு. அதுல போடுறேன்னு சொல்லத்தான் போனார். எனக்காக, வயித்துல இருக்கிறதுக்காக. கதவு பூட்டியிருந்துதுன்னு திரும்பி வந்துட்டார்."

"கொலைப் பழி போனாலும் அந்தத் தாள் இருக்குமேம்மா" என்றார் ஹாராஸ்.

"இருக்கும். போடலைன்னா அன்னைக்கே ஊரை விட்டுப் போகணும்னு மேயர் சொல்லிட்டார். போட்டுருவார் ஐயா. நீங்க உயிரை மட்டும் காப்பாத்திக் குடுங்க."

பானையை நான் வாங்கிப்போய் அவரிடம் கொடுக்கவா என்று கேட்டேன். "அவருக்குக் கை தூக்க வரலை அண்ணே, நான்தான் ஊட்டணும்" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில், பீடத்துக்குப் பின்புறச் சுவரோரம் கோயில்பிள்ளையோடு போய்த் தேடினோம். முன்பு சாம்பல் புதைத்த இடம் அதுதான். மண் பனியில் இறுகிக் கிடந்தது. ஒரு கோழி கிளறிய அடையாளம்கூட இல்லை. ஹாராஸ் இரண்டு தடவை சுவரோடு நடந்தார். மூன்றாவது தடவை நின்று தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல, சுத்தமான லுத்தர்காரன் ஆத்துல போட்டுட்டானோ என்னவோ" என்றேன்.

"ஆண்டவரோட ரத்தத்தை முல்டெ ஆத்துல போடுவானா? தோல்பதனிடுறவன் கழிவு ஓடுற ஆத்துல? யோசிச்சுப் பேசுடா." பிறகு அவரே வடக்கு மூலையைப் பார்த்தார். "அங்கே என்ன, சின்னச் சின்னதா?"

கோயில்பிள்ளை தலையைத் தாழ்த்தினார். "அது... பழைய மன்னர் காலத்துல ஞானஸ்நானம் வாங்கிச் செத்த குழந்தைங்க. அப்போ பேயோட்டுற வார்த்தையைச் சொல்லக்கூடாதுன்னு சட்டம் இருந்துச்சில்ல? 'அசுத்த ஆவியே, இந்தக் குழந்தையை விட்டுப் போ'ன்னு சொல்லாம முழுக்கின பிள்ளைங்க. மத்தவங்களோட சேர்த்துப் புதைக்க ஜனங்களுக்கு மனசு வரலை."

கடவுளே, பால்குடி மறக்காத பிள்ளைகளைப் பிசாசின் பிள்ளைகளோ என்று சந்தேகப்பட்டு மூலையில் தள்ளியிருக்கிறார்கள்! வரிசையாகச் சின்ன மேடுகள். எல்லாவற்றிலும் பனி. ஒன்றில் மட்டும் நடுவில் ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பனி இல்லை. மண் புதிதாகக் கிளறி, மறுபடி தட்டிவிட்டிருந்தது.

ஹாராஸ் விரலால் தோண்டினார். சாம்பல் வந்தது. சாம்பலுக்குள் எரியாமல் தப்பிய நூல், நீல நிறம். பீடத்து விரிப்பின் ஓரத்தில் அதே நீலத் தையலை நான் பார்த்திருந்தேன்.

மேட்டின் தலைமாட்டில் சிலுவை நட்டிருந்தது. பெயர் எழுதவில்லை. நான் கையை வைத்துத் தடவினேன். ஓக் மரம், நல்ல வேலைப்பாடு. ஆனால் பலகை நேராக இல்லை, இரண்டு பக்கமும் உள்வாங்கி வளைந்திருந்தது.

"ஐயா, இது பீப்பாய்ப் பலகை."

"இந்த ஊர்ல பீப்பாய் செய்யிறவர் எத்தனை பேர்?"

கோயில்பிள்ளை சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "பார்ட்டெல் ஒருத்தர்தான். சபை மூப்பர் ஐயா அவர்! துணைப் போதகர் மேல மனு கொடுத்தப்ப முதல் கையெழுத்தே அவரோடது."

பார்ட்டெலின் பட்டறையில் மரவாசனையும் தார் வாசனையும் அடித்தன. கைகள் அடுப்புக்கட்டை மாதிரி தடித்த மனிதர். எங்களைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார். பயந்தவராகத் தெரியவில்லை, தூங்காதவராகத் தெரிந்தார்.

ஹாராஸ் கவிழ்த்துப் போட்ட ஒரு தொட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார். "ஒண்ணுமில்ல பார்ட்டெல், சும்மா ஒரு சந்தேகம். கோயில்பிள்ளை ஒரு விஷயம் சொன்னார். ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தியாம். பாதியில பாத்திரம் காலியாயிடுச்சாம். போதகர் ஜாடியிலிருந்து ஊத்திக்கிட்டு, ஆசீர்வாத வார்த்தையைத் திருப்பிச் சொல்லாமலே கொடுத்துட்டாராம். அப்போ கடைசியில மிச்சம் இருந்தது வெறும் கடைச் சரக்கு. யாரோ பாவம், அதுக்குப் போய்ப் படியை மெனக்கெட்டுச் சுரண்டியிருக்கான்."

கோயில்பிள்ளை அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

பார்ட்டெலின் முகம் வெளிறியது, பிறகு சிவந்தது. "பொய்! அப்பட்டமான பொய்! ஜாடியைத் தொடவே இல்ல. அது வார்த்தை சொன்ன ரசம்தான். நான் பக்கத்துலயே நின்னேன், அவர் வாயில வைக்கும்போது பாதிப் பாத்திரம்..."

நின்றுவிட்டார். அவர் மெதுவாகப் பட்டறைப் பலகையில் உட்கார்ந்தார்.

"அது நிஜமாவே ஆண்டவரோட ரத்தம்தானே?" என்று ஹாராஸிடம் கேட்டார். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. தன் கழுத்தைப் பற்றிய நினைப்பே இல்லை.

"ஜாடிக் கதை நான் கட்டினது. ஏன் அடிச்சே?"

"என் பொண்ணு சிபில்லா. பழைய மன்னர் காலத்துல பொறந்தா. பேயோட்டாம ஞானஸ்நானம் குடுக்க விடமாட்டேன்னு கோயில் வாசல்ல நின்னேன். பெரிய போதகர் என் காதுல சொன்னார், 'உளவாளிங்க இருக்காங்க பார்ட்டெல், நான் வாய்க்குள்ளயே சொல்லிடறேன், நீ நிம்மதியா வீட்டுக்குப் போ'ன்னு. நம்பினேன். பல்லு முளைக்கிறதுக்குள்ள செத்துட்டா. ஊர் அவளை வடக்கு மூலையில போடச் சொல்லுச்சு. நான் சண்டை போடல. வார்த்தை சொல்லியாச்சுன்னு எனக்குத் தெரியுமே, ஊருக்குத் தெரியாட்டி என்ன!"

"அப்புறம்?"

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் போனதும் என்னைக் கூப்பிட்டார், கதவைப் பூட்டச் சொன்னார். பழைய மன்னர் காலத்துல யார் யார் அந்த வார்த்தையை விட்டாங்கன்னு டிரெஸ்டன்லேருந்து விசாரிக்க வராங்க, மறைக்க முடியாதுன்னார். 'நான் சொல்லல பார்ட்டெல். பயந்துட்டேன். ஆனா கவலைப்படாதே, அந்த வார்த்தை ரட்சிப்புக்கு அவசியம் இல்ல, பெரிய பெரிய பண்டிதருங்களே எழுதியிருக்காங்க'ன்னார். அவசியம் இல்லையா? அப்போ அதை வச்சு எதுக்கு யோவாக்கிமைத் துரத்துறோம்? எதுக்கு எம் புள்ள மூலையில கிடக்கா? கேட்டேன் ஐயா, கேட்டேன்! பதில் சொல்லலை. திரும்பி நின்னு பாத்திரத்தை எடுத்துக் குடிக்க ஆரம்பிச்சார். அந்த நேரத்துல குடிச்சார் ஐயா!"

கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"பாத்திரம் உருண்டுச்சு. நான் விழுந்து நக்கினேன். மிச்சத்தைக் கத்தியால சுரண்டினேன்."

"அவர்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. ரொம்ப நேரம். நான் திரும்பிப் பாக்கல. இதை முதல்ல முடிக்கணும்னு இருந்தேன்."

எங்களுடைய வேலையில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பட்டறைக்கு வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டுத்தான் திரும்பி வந்தேன். அப்போது ஹாராஸ் யோவாக்கிமைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்ட்டெல் தோளைக் குலுக்கினார். "அவன் எப்படியும் நரகத்துக்குப் போறவன்தானேன்னு நினைச்சேன். சாம்பலைப் பாப்பா மேல போட்டேன். சொல்லாம விட்ட வார்த்தைக்குப் பதிலா அவ மேல ஏதாவது இருக்கட்டும்னு."

பொழுது சாய்வதற்குள் நகர மன்றத்துக் கோபுரச் சிறைக்கு பார்ட்டெலைக் கூட்டிப்போனோம். மேயர் எல்லாவற்றையும் கேட்டார். முகத்தில் ஈ ஆடவில்லை. கடைசியில் சாவியைத் திருப்பி யோவாக்கிமின் அறையைத் திறந்தார். கையோடு தாளையும் பேனாவையும் கொண்டுவந்திருந்தார். மார்த்தாவும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

யோவாக்கிம் வைக்கோலில் சுவரோடு சாய்ந்திருந்தார். கைகள் இரண்டும் அவருடையவை அல்லாத மாதிரி மடியில் கிடந்தன.

"துணைப் போதகரே, கொலைப் பழி நீங்கியாச்சு" என்றார் மேயர். "இதுல ஒரு கீறல் போடுங்க. கையை நான் பிடிச்சுக்கிறேன். உங்க வேலை, உங்க வீடு, எல்லாம் உங்களுக்கே. பெரிய போதகர் இடம்கூட காலியாத்தான் இருக்கு."

"கொண்டாங்க" என்றார் யோவாக்கிம். மார்த்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

மேயர் மண்டியிட்டு அவருடைய விரல்களுக்குள் பேனாவைத் திணித்தார். அப்போதுதான் பார்ட்டெல் வாயைத் திறந்தார். சேவகர்கள் இரண்டு பேர் பிடித்திருக்க, கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டார்.

"போதகரே. நீங்க முன்னாடி ஒரு பிரசங்கத்துல சொன்னீங்க. நாங்கல்லாம் எழுந்து வெளியே போனோமே, அதுல. ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே குழந்தைங்க... அது என்ன?"

"பார்ட்டெல், வாயை மூடு" என்றார் மேயர்.

அந்தத் தாளில் பொய்க் கொள்கை என்று எழுதி வைத்திருந்தவற்றில் அதுவும் ஒன்று. அறையிலிருந்த எல்லாருக்கும் தெரியும். யோவாக்கிம் பார்ட்டெலை நிமிர்ந்து பார்த்தார். தன்னைக் கயிற்றில் தூக்கியபோது ஊரோடு நின்று வேடிக்கை பார்த்த முகம் அது.

"உன் பொண்ணு பேரு என்ன?"

"சிபில்லா."

"சிபில்லா உனக்குப் பொறந்தப்பவே கடவுளோட பிள்ளை. தண்ணி படுறதுக்கு முன்னாடியே. யாரும் ஓட்டுறதுக்கு அவகிட்ட பிசாசே இருந்ததில்ல. எந்த வார்த்தையும் குறையல. அவ அவர்கிட்டதான் இருக்கா."

மேயர் சுற்றும் முற்றும் பார்த்தார். நல்ல மனிதர்தான், அதைச் சொல்லியாக வேண்டும். குரலைத் தாழ்த்தி, "இதை நான் கேக்கல" என்றார். "இங்கே யாருமே கேக்கல. கையெழுத்தைப் போடுங்க, திருப்பி மட்டும் சொல்லிடாதீங்க."

பேனா விரலிடுக்கில் அப்படியே இருந்தது. நான் மனசுக்குள் 'போடுங்க, போட்டுத் தொலைங்க' என்று கத்திக்கொண்டிருந்தேன்.

பார்ட்டெல் தரையில் முட்டி போட்டுவிட்டார். இவ்வளவு நேரம் வராத அழுகை இப்போது வந்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க போதகரே. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், இன்னொரு தடவை."

யோவாக்கிம் வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். பிறகு பேனா வைக்கோலில் விழுந்தது. முன்னைவிடச் சத்தமாக, சேவகர்களுக்கும் கேட்கும்படி, அவர் அதையே முழுக்க இன்னொரு தடவை சொன்னார்.

மேயர் தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். ஹாராஸ் தாடைக் கட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

மார்த்தா என் பக்கம் திரும்பினாள். "மெர்ட்டன் அண்ணே" என்றாள், "வண்டி ஏதாவது கிடைக்குமான்னு பாக்கிறீங்களா? என்னால ரொம்ப தூரம் நடக்க முடியாது."